கழித்தல் குறியை எடுத்ததும் கிடைத்த அப்பாவுக்கு

என் போசன் அப்பாவுக்கு,

இத்தனை ராத்திரியில் எழுதுகிறேன், மன்னிச்சிக்கிடுங்க. பகலில் உங்கள் பேத்தி விடமாட்டாள். கையில் போனைக் கண்டால் பிடுங்கி வாயில் வைக்கிறாள். கீழ்வரிசையில் ரெண்டு பல் வந்திருக்கிறது, அதற்குத் தப்பித்த பொருள் இந்த வீட்டில் எதுவும் இல்லை. இப்போதுதான் தூங்கினாள். மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன், நாலு வரி எழுதுகிறேன், மறுபடியும் பார்க்கிறேன். அம்மா ஏசுகிறாள். "பிள்ளைய உறங்க விடுளா, நீயே எழுப்பி விட்ருவ போல." மூச்சு தானாக வந்து போகும் என்று நம்புகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அப்புறம் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சரக்குக் கப்பலில் போசன், மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. கடைசியாகப் போனது மரக்கட்டை ஏற்றிய கப்பல். மூடிக் கிடக்கிற அறையில் மரம் காற்றிலுள்ள உயிரைக் குடித்துவிடும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அதனால்தான் உள்ளே இறங்குவதற்கு முன்னால் மீட்டரை உள்ளே இறக்கிக் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் கப்பலில் அந்த மீட்டர் வேலை செய்யவில்லை. கடைசியாகப் பேசியபோது சொன்னீர்களே, "மீட்டர் செத்துப்போச்சும்மா, ஏஜென்ட்டுகிட்ட சொல்லியாச்சு, அடுத்த போர்ட்ல வந்துரும்" என்று. அடுத்த போர்ட் வருவதற்குள் ஏணியில் இறங்கினீர்கள். ஏறவில்லை.

ஏஜென்ட் மாமா. திரேஸ்புரத்தில் உங்களோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், உங்களையும் இன்னும் எத்தனையோ பேரையும் கப்பலுக்கு அனுப்பியவர், கப்பலில் ஒரு குறையென்றால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியவர். பெட்டி வந்த அன்றைக்கு அதன்மேல் விழுந்து அழுதார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் மண் போட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போய் மீட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"ஏளா, அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! சொல்லிருந்தா இறங்க விட்ருப்பனா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிள்ளைத்தாச்சி, துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று பெண்கள் என்னைக் கைத்தாங்கலாக நகர்த்திக்கொண்டு போனார்கள். நானும் நகர்ந்தேன். உங்கள் வாயால் கேட்டதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?

அதோடு விட்டிருந்தால்கூட இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கப்பல்காரர்கள் இணையத்தில் எழுதுகிற அந்த மன்றம் ஞாபகம் இருக்கிறதா? நான்தான் உங்களைச் சேர்த்துவிட்டேன். விரலால் எழுதச் சோம்பல்பட்டு, போனிடம் வாயால் சொல்லி, அது எழுதியதை அப்படியே போடுவீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே உங்களைப் பற்றிப் பதிவுகள் வர ஆரம்பித்தன. ஐந்து பேர், ஐந்து வேறு வேறு பேச்சு இழைகளில். காயல்பட்டினத்துக்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், உங்களோடு முன்பு வேலை பார்த்தவராம், போசன் குடிப்பார் என்றார். இன்னொருவர், மீட்டரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, யார் சொன்னாலும் கேட்காத ஆள் என்றார். ஒருவர் எழுதியதை மட்டும் நான் சாகிறவரை மறக்கமாட்டேன்: "முத்துக்குளித்த பரம்பரை அல்லவா, மூச்சடக்கிப் பார்ப்போம் என்று இறங்கியிருப்பார்."

திருவிழாவுக்குக்கூட ஒரு மடக்கு தொடாதவர் நீங்கள். அந்த வரிகளை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஊர் பூராவும் சுற்றியது. அம்மா முதல் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கோயிலில் ஆள் இல்லாத மத்தியான வெயிலில் போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறாள். செத்தவர் எப்படிச் செத்தார் என்பதற்காக ஒரு பெண் வெட்கப்பட வேண்டுமா அப்பா?

இப்போது நடந்ததற்கு வருகிறேன். உங்கள் மருமகன் கிங்ஸ்லிக்கு ஏஜென்ட் மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. அதே கம்பெனியின், மரம் ஏற்றுகிற இன்னொரு கப்பல். இவர் சி.டி.சி. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்துவிட்டார். அந்தப் புத்தகம் இல்லாமல் கப்பல்காரன் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது, அதை வாங்கி வைத்துக்கொண்டால் ஆளையே வாங்கி வைத்தது மாதிரி. நான் சண்டை போட்டேன்.

"ஏளா ரோசி, நீ ஒங்கப்பாவுக்கு நடந்தத வச்சே எல்லாத்தையும் பாக்க. மன்றத்துல போய்ப் பாரு. அவரு நல்ல ஏஜென்ட்டுன்னு எத்தன பேரு எழுதிருக்கான். காயல்காரர் ஒருத்தர்கூட எழுதிருக்காரு."

"எங்கப்பாவ குடிகாரர்னு எழுதுனதும் அதே காயல்காரர்தான்."

"அப்ப அவருக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கு, அவ்ளோதான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

பார் என்றார் அல்லவா, பார்த்தேன். கல்லூரியில் நான் படித்த நூலகப் படிப்பு இந்த வீட்டில் ஒருநாளாவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். மன்றத்துக்குள்ளேயே இருக்கிற தேடுபெட்டி எதற்கும் உதவாது. கப்பல் என்று கேட்டால் மன்றம் முழுவதையும் தூக்கிக் கொட்டும். அதனால் வெளியே வந்து கூகுளில் தேடினேன். இங்கிலீஷில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் மன்றத்தின் முகவரியைப் போட்டால் அந்த மன்றத்துக்குள் மட்டும் தேடும். இரட்டை மேற்கோள்குறிக்குள் ஒரு வரியைப் போட்டால் அந்த வரி அப்படியே இருக்கிற பக்கங்கள் மட்டும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி வைத்தால் அந்தச் சொல் இருக்கிற பக்கம் எதுவும் வராது. இவ்வளவுதான் வித்தை. வலை வீசுவது மாதிரிதான் இதுவும், கண்ணியின் அளவு தெரியவேண்டும்.

எந்த வரியைப் போடுவது? அந்த ஐந்து பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். வாசித்து வாசித்து மனப்பாடமானவைதான். ஆனால் எப்போதும் உங்களைத் திட்டிய வரிக்கே கண் ஓடிவிடும். அன்றைக்குத்தான் முதல் வரியைப் பார்த்தேன். நாலு பதிவுகள் ஒரே மாதிரி ஆரம்பித்தன. "மாதா முன் செல்ல."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா அப்பா? நம்மவர்களில் பாதிப்பேர் சாமி பெயரைத் தலையில் போடாமல் காகிதத்தில் பேனாவை வைக்கமாட்டார்கள். இயேசு மரி சூசை என்று போடுவார்கள், மரியே வாழ்க என்று போடுவார்கள். பரீட்சைத் தாளில்கூட நான் போட்டிருக்கிறேன். ஆனால் "மாதா முன் செல்ல" என்று ஆரம்பிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். அவர் அப்பா வள்ளத்தைத் தள்ளும்போது சொல்வாராம். இவருடைய ஆபீஸ் போர்டில் அதுதான், விசிட்டிங் கார்டில் அதுதான், நீங்கள் இறந்த செய்தியை எங்களுக்கு அனுப்பியபோது முதல் வரியும் அதுதான்.

மேற்கோள்குறிக்குள் அதைப் போட்டேன். அவருடைய சொந்தப் பெயரில் வேலைவாய்ப்பு விளம்பரங்களாக வந்து குவிந்தன. அந்தப் பெயருக்குக் கழித்தல் குறி வைத்தேன். விளம்பரமெல்லாம் போய், வேறு பெயர்களில் எழுதியவை மட்டும் மிஞ்சின. உங்களைத் திட்டிய நாலு பேர். அதே நாலு பேர்தான் வேறு இழைகளில், பெயரைச் சொல்லாமல் திரேஸ்புரத்து ஏஜென்ட் என்று மட்டும் போட்டு, அவரைத் தங்கம், வைரம் என்று புகழ்ந்தவர்கள். காயல்காரர் மட்டும் வரவில்லை. பக்கத்தைக் கீழே தள்ளினால் வேறு யாரோ ஒருவருடைய பதில் இருந்தது. காயல்காரர் எழுதியதை எடுத்துப் போட்டு அவர் பதில் சொல்லியிருந்தார். அதில் காயல்காரரின் பழைய முதல் வரி அப்படியே இருந்தது. மாதா முன் செல்ல. தன் பதிவிலிருந்து அதைப் பிறகு அழித்திருக்கிறார். அடுத்தவர் எடுத்துப் போட்டதை அழிக்க முடியவில்லை.

காயல்பட்டினத்து முஸ்லிம் பெயரை வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டிருக்கிறார், அப்பா! பொய்ப் பெயர் போட்டார், பொய் ஊர் போட்டார், பொய் அனுபவம் போட்டார். மாதாவைக் கூப்பிடாமல் பொய் சொல்ல மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. இனிமேல் இந்த ஆளை நான் மாமா என்று எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிங்ஸ்லியையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மாதா படத்துக்கு நீல பல்பு மாலை எரிந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு மேரி பிஸ்கட் நீட்டினார். நான் வாங்க விடவில்லை.

"அந்தக் காயல்காரர் நம்பர் வேணும்" என்றேன்.

"எந்தக் காயல்காரரும்மா?"

"எங்கப்பா குடிச்சிட்டு இறங்குனாருன்னு எழுதுனவரு."

"எவன் எவனோ எழுதுதான், அதுக்கு நானா பொறுப்பு?"

போனைத் திருப்பி மேசைமேல் வைத்தேன். "அவரு ஏன் மாதா முன் செல்லன்னு ஆரம்பிக்காரு?"

பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"ஏளா, மாதா எல்லாருக்கும் தாய்தானளா."

கிங்ஸ்லி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்தவர் முகம் உடனே மாறிவிட்டது. மேசையைச் சுற்றிப்போய், இழுப்பறையைத் திறந்து, தன் சி.டி.சி. புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "எங்க மாமா மீட்டர் ரிப்பேர்னு ஒம்மகிட்ட சொன்னாரா, சொல்லலியா? மாதா படத்தப் பாத்துச் சொல்லும்" என்றார். அதுவரைக்கும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று குழைந்த மனுசன்.

"சொல்லல. எங்கன வேணாலும் வந்து சொல்லுதேன். அவன் ஒரு வார்த்த சொல்லல" என்றார் அந்த ஆள். படத்தைப் பார்த்தேதான் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் அந்த ஐந்து பெயர்களும் மன்றத்திலிருந்து மறைந்துவிட்டன. மறையும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் முந்தின நாளே படமாக எடுத்து வைத்திருந்தேன். அவற்றை மன்றத்தில் போட்டேன். யாரையும் குற்றம் சொல்லி ஒரு சொல் எழுதவில்லை. என்ன வரியை எப்படித் தேடினேன் என்று மட்டும் எழுதி, "இப்படி எழுத ஆரம்பிக்கிறவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று முடித்தேன். சொல்லவா ஆளில்லை! உண்மையான காயல்காரர் ஒருவர் வந்து, "நாங்க எழுத ஆரம்பிக்கிறது பிஸ்மில்லாவுல வாப்பா, எங்க ஊரு பேர்ல மாதாவ கூப்ட்ட மகராசன் யாரு?" என்று கேட்டிருந்தார். அதை வாசித்து அம்மா சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டீக்கடையில் அந்த ஆளைக் கண்டால், "மாதா முன் செல்ல அண்ணாச்சி, நாங்க எங்கன பின்னால வரணும்?" என்று கேட்கிறார்களாம். தெருவில் தலை குனிந்து போகிறாராம். எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அப்பா, நன்றாக இனித்தது. பாவசங்கீர்த்தனத்தில் போய் அதையும் சொன்னேன். மன்னித்துவிடு மகளே என்றார் சாமியார். "மொதல்ல அந்த ஆளு வந்து கேக்கட்டும் சாமி, பெறவு யோசிக்கேன்" என்றேன்.  அவர் வலைக்கு அந்தப்புறமிருந்து ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

ஆனால் கேலி போதுமா? கேலியைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளின் புத்தகத்தை வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொள்வார். குடிகாரர் என்று எழுதியது பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, சரி. "ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. அது நிற்கிறவரைக்கும் நீங்கள் சொல்லாமல் செத்தவர், நான் உளறியவள். பாப்பா வளர்ந்து, தாத்தா ஏன் செத்தார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அந்த நினைப்போடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பொட்டில் அறைந்தது மாதிரி ஒன்று தோன்றியது. ஏஜென்ட்டின் சொந்தப் பெயருக்குக் கழித்தல் குறி வைத்தேன் அல்லவா? அந்தப் பெயர் இருந்த பக்கமெல்லாம் போய்விட்டதே. அவருக்கு நீங்கள் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்துதானே போயிருக்கும்? போனை எடுக்காத ஏஜென்ட்டை மன்றத்தில் பிடிக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு வந்தேன். கழித்தல் குறியை எடுத்தேன். மாதா முன் செல்ல, அதோடு போசன், அதோடு மீட்டர், அதோடு ஒரு பிஃபோர் போட்டு நீங்கள் இறந்த தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் உள்ளவை மட்டும் வரும். உங்கள் தேதியை அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். ஒரே ஒரு பக்கம் வந்தது. கப்பலில் மீன்குழம்பு வைப்பது எப்படி என்கிற இழை.

அங்கே போய் எழுதியிருக்கிறீர்களே அப்பா! "அண்ணாச்சிமாரே, இது சமையல் பக்கம்போல, எனக்கு வேற எடம் தெறக்கத் தெரியல. கட்டக் கப்பல்ல காத்து பாக்குற மீட்டர் வேல செய்யல. ஏஜென்ட் போன எடுக்க மாட்டங்கான். பாத்தா சொல்லுங்க." உங்கள் குரல் அப்படியே கேட்டது. அதற்குக் கீழே ஏஜென்ட், சொந்தப் பெயரில்: "மாதா முன் செல்ல. போசன், ஊரெல்லாம் சொல்லாதீரும். மீட்டர் அடுத்த போர்ட்டில் வரும். அதுவரைக்கும் வழக்கம்போல வேலையைப் பாரும்." அதற்குக் கீழே மறுபடியும் நீங்கள்: "சரி. அதுவரைக்கும் கீழ இறங்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லும். சீக்கிரம் பதில் போடும்."

அதற்குப் பதில் இல்லை. அடுத்த பதிவில் ஒருவர் புளியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஐந்து பொய்ப் பெயர்களையும் ஓடி ஓடி அழித்த ஆள் இதை அழிக்கவில்லை. மறந்திருப்பார். மீன்குழம்புக்குள் நீங்கள் இருப்பீர்கள் என்று யார் நினைப்பார்கள்? இதையும் படமெடுத்து, என்னிடம் ஒன்று, கிங்ஸ்லியிடம் ஒன்று, அம்மாவின் போனில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். கப்பல்காரர்கள் புகாரைக் கேட்கிற அதிகாரியிடமும் கொண்டுபோய்க் காட்டினோம். வாசித்தார், இரண்டாம் முறையும் வாசித்தார். "அந்தக் கப்பல்ல இருந்த ஒரு ஆளு, மீட்டர் வேல செய்யலன்னு எழுதிக் குடுத்தாப் போதும்மா, இவரு லைசென்ஸ நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு ஆள் கிடைக்கட்டும். அவர் ஆபீஸ் போர்டு இறங்குகிற அன்றைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நிற்பேன், முழுவதும் இறங்குகிறவரைக்கும்.

இந்தக் கடிதத்தை நான் வேறு எங்கும் போடவில்லை. அதே மீன்குழம்பு இழையில், புளிக்காரருக்குக் கீழே போடுகிறேன். நீங்கள் கேட்ட கேள்வி அங்கே யாரும் தொடாமல் கிடக்கிறது. பதில் இதுதான்: கூடாது அப்பா. இறங்காதீங்க.

சத்தியமாகச் சொல்கிறேன், கிங்ஸ்லியின் புத்தகம் அந்த இழுப்பறைக்குள் இனிமேல் போகாது. அந்த ஆள் தன் வாயால், மாதா கோயில் வாசலில், ஜனங்கள் பார்க்க, "போசன் சொன்னான், நான்தான் கேக்கல" என்று சொல்கிறவரைக்கும் நான் விடமாட்டேன். அன்றைக்கு அம்மா முதல் பூசைக்கு வருவாள். முன்வரிசையில் உட்காருவாள்.

அந்தக் கடைசிப் பயணத்தில் எங்கள் அப்பாவோடு கப்பலில் இருந்தவர்களே, அந்த மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

போசன் மகள்,
ரோசி